வரைபடத்தில் வராத நாற்காலி

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில் நான் துபாய் அல் கூஸில் ஒரு கட்டடக் கம்பெனியின் குடோனில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். குடோனுக்குப் பின்னால் எங்கள் கேம்ப். குடோனுக்கு எதிரே ஒரு காலி மணல் மனை. அதன் இரண்டு பக்கமும் வேறு குடோன்கள், ஒரு பக்கம் டிரான்ஸ்பார்மர் அறை, இன்னொரு பக்கம் ரோடு. அந்த இடத்துக்குப் பெயர் கிடையாது. டாக்ஸிக்காரரிடம் சொல்லி வரவழைக்க முடியாது. ஆனால் நவம்பர் பிறந்து வெயில் கொஞ்சம் இறங்கியதும், வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை முடிந்தால் அங்கே உட்கார இடம் தேட வேண்டியிருக்கும்.

யார் எங்கே உட்காருவது என்று யாரும் சொல்லிவைத்ததில்லை. டிரான்ஸ்பார்மர் சுவரின் நிழல் விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஆட்களுக்கு. இடது குடோனில் சரக்கு ஏற்றுகிற சிமெண்டுப் படிகள் சிவகங்கை, ராமநாதபுரம் ஆட்களுக்கு. நிற்கிற லாரிகளின் அடியில் பெஷாவர்க்காரர்கள் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். அந்தச் சிமெண்டுப் படிகளில் மூன்றாவது படி மட்டும் யாருக்கும் சொந்தமில்லை. அந்த வாரம் லீவில் ஊருக்குப் போகிறவன் எந்த ஜில்லாவாக இருந்தாலும் அங்கே வந்து உட்காருவான். அவனிடம் கொடுத்துவிட வேண்டிய கடிதம், சோப்பு, குழந்தைக்குக் கவுன், எல்லாம் அந்தப் படிக்கே வந்து சேரும். விசா கேன்சலாகிப் போகிறவன் அங்கே உட்கார மாட்டான். அவன் கேம்பிலிருந்து வேனில் ஏறி யார் முகத்தையும் பார்க்காமல் போய்விடுவான்.

"லீவுல போறதும் கேன்சல்ல போறதும் ஒரே ப்ளைட்டுதான்ணா, வயிறு மட்டும் வேற" என்பான் என் கட்டிலுக்கு மேல்கட்டிலில் படுத்திருந்தவன். ஆட்கள் இப்படிப் போகிற போக்கில் சொல்கிறதை நான் பழைய ஸ்டாக் ரிஜிஸ்டரின் பின்பக்கங்களில் எழுதி வைத்துக்கொள்வேன். அதில் பாதிக்கு மேல் அவன் சொன்னதுதான்.

திருக்கோவிலூர் பக்கத்து ஆள். வாரம் ஆறு நாள் சைட்டில் கம்பி கட்டுவான். வெள்ளிக்கிழமை முடி வெட்டுவான். மனையின் மூலையில், குடோன் ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரிலேயே வளர்ந்த ஒரு வேப்பமரம் இருந்தது. அதன் அடியில் ஆபீஸ் கழித்துப்போட்ட, சக்கரம் இல்லாத சுழல் நாற்காலி. வெள்ளிக்கிழமை மட்டும் கிளையில் கம்பி போட்டுத் தொங்கவிடுகிற லாரியின் பக்கக் கண்ணாடி. போர்த்துவதற்கு ஒரு பெட்ஷீட். அவ்வளவுதான் கடை. விசாவில் எழுதிய வேலையைத் தவிர வேறு வேலை பார்த்துப் பிடிபட்டால் விசா கேன்சல் என்று அவனுக்கும் தெரியும், தலையை நீட்டிய எங்களுக்கும் தெரியும். வந்து மூன்று வருஷம் ஆகி, வருகிற ஜனவரி கடைசியில்தான் அவனுக்கு முதல் லீவு. அவன் இங்கே வந்த பிறகு பிறந்த பெண் குழந்தை ஒன்று ஊரில் இருந்தது. அதன் போட்டோவைக் கண்ணாடியின் ஓரத்தில் செருகி வைத்திருந்தான். முடி வெட்டிக்கொள்கிற எல்லோரும் தன் முகத்துக்குப் பக்கத்தில் அந்தக் குழந்தையையும் பார்த்தாக வேண்டும்.

இப்படி இருந்த மனைக்கு ஒரு வெள்ளிக்கிழமை, கழுத்தில் காமிரா, தலையில் துணித்தொப்பி, கையில் அட்டையில் கிளிப் போட்ட காகிதக்கட்டோடு நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். ரோட்டோரத்தில் நின்று எங்களைப் பார்த்துப் பார்த்து எதையோ குறித்தார். நான் குடோன் வாசலில் டீயோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒருவன் எழுந்து அவர் எதிரில் போய் நின்றான். அவன் பின்னால் இன்னொருவன். நான் டீயைக் குடித்து முடிப்பதற்குள் டிரான்ஸ்பார்மர் சுவரிலிருந்து ரோடு வரைக்கும் வரிசை நீண்டுவிட்டது. எல்லோர் கையிலும் லேபர் கார்டு. தூங்கிக்கொண்டிருந்த பெஷாவர்க்காரர்கள் கூட எழுந்து வந்து நின்றுவிட்டார்கள்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் உலகத்தில் கிளிப் அட்டையோடு ஒருவர் வந்தால் ஆஜர் எடுக்க வந்திருப்பார், மெடிக்கலுக்குப் பெயர் எழுத வந்திருப்பார், இல்லையென்றால் டிக்கெட். எதுவாக இருந்தாலும் முன்னால் நிற்பவனுக்கே முதலில் கிடைக்கும். "எதுக்குய்யா நிக்கிறோம்?" என்று நடுவில் ஒருவன் கேட்டதற்கு, "அது அப்புறம் தெரியும், நீ எடத்த விட்றாத" என்று பதில் வந்தது. முன்னால் நின்றவன் அவரிடம் பணிவாக, "சார், போட்டோ எத்தனை வேணும்? நீலப் பின்னணியா, வெள்ளையா?" என்றான்.

அவர் பாவம், கலங்கிப் போனார். என்னைப் பார்த்துத் தமிழில்தான் கேட்டார். "அண்ணை, இவையள் ஏன் வரிசையில நிக்கினம்? நான் ஒண்டும் குடுக்க வரேல்லை. சனம் தன்ரபாட்டில இருக்கேக்கை எப்பிடி இருக்குது எண்டு பாக்கத்தான் வந்தனான்."

யாழ்ப்பாணத்துக்காரர். வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவர், நகரங்களில் பொது இடங்களை ஆராய்கிறவர். நாங்கள் உட்காருவதைப் பார்க்க வந்தவர், வந்த உடனேயே எங்கள் எல்லோரையும் எழுப்பி நிறுத்திவிட்டார். நான் வரிசைக்கு விளக்கிச் சொன்னேன். நம்பவில்லை. நாம் சும்மா இருப்பதைப் பார்ப்பதற்கு எவனாவது சம்பளம் வாங்குவானா என்று கேட்டார்கள். பாதிப்பேர் கலைந்தார்கள். மீதிப்பேர், அவர் போகும் வரைக்கும் நின்றுகொண்டே இருந்தார்கள். யார் கண்டது, கடைசியில் ஏதாவது கொடுத்துவிட்டால்?

அன்றிலிருந்து எங்களுக்கு அவர் வாத்தியார். அடுத்த வெள்ளிக்கிழமை கிளிப் அட்டை இல்லாமல் வந்தார். அதற்கடுத்த வாரம் காமிராவும் இல்லை. மனையைப் பார்த்தபடி ரோட்டோரத்தில் இருந்த கேபட்டீரியா டீக்கடையின் மேசையில் அவரும் நானும் டீ குடித்துக்கொண்டே பேசிய வெள்ளிக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் எனக்கு இனிக்கிறது. நான் பத்தாவதுக்கு மேல் படிக்காதவன். ஒருவர் எனக்கு உட்கார்ந்து விளக்குகிறார், நான் கேட்டால் மறுபடியும் விளக்குகிறார் என்பது அதற்கு முன் எனக்கு வாய்க்காத சுகம்.

அவர் சொன்னதில் எனக்குப் புரிந்த அளவு இதுதான். முன்பெல்லாம் பொது இடம் என்றால் சதுக்கம், நீரூற்று, சிலை, பூங்கா. அதைக் கட்டியது யார், அழகாக இருக்கிறதா, இவ்வளவுதான் ஆராய்ச்சி. பிறகு சிலர் கட்டடத்தை விட்டுவிட்டு ஆட்களை எண்ண ஆரம்பித்தார்கள். வெயிலில் எத்தனை பேர், நிழலில் எத்தனை பேர், எந்தப் படியில் எவ்வளவு நேரம். அதற்கும் பின்னால் வந்தவர்கள், அங்கே உட்காராதவர்கள் யார், அவர்களை உட்கார விடாதது எது என்று கேட்டார்கள். இந்த வளைகுடா ஊர்களைப் பற்றி அவர் படித்த காகிதங்களிலெல்லாம், இங்கே ஷாப்பிங் மால்களைத் தவிர பொது இடமே கிடையாது என்றுதான் எழுதியிருந்ததாம். பெயர் இல்லாத இடத்தைத் திட்ட வரைபடத்தில் தேடினால் எப்படிக் கிடைக்கும் என்பது அவர் கட்சி. அந்தச் சண்டையை எங்கள் மணலை வைத்துப் போடத்தான் அவர் வந்திருந்தார்.

எனக்கு அது நன்றாகவே பிடித்தது. ஸ்டோரிலும் அப்படித்தானே. ரேக்கில் இருக்கிறதை எண்ணுகிறவன் ஒரு ஆள். இந்த வால்வை யார் எடுக்கிறார்கள், இது ஏன் எடுபடாமல் தூசி பிடித்துக் கிடக்கிறது என்று கேட்கிறவன் வேறு ஆள். அப்படிச் சொன்னதும் வாத்தியார் மேசையில் தட்டி, இதை நான் வகுப்பில் சொல்லப் போகிறேன் என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் தரையில் இல்லை.

அந்த மிதப்பில்தான் ஒரு டெலிவரி நோட்டின் பின்பக்கத்தில் அவருக்கு மனையை வரைந்து கொடுத்தேன். ஒவ்வொரு ஜில்லாவும் எங்கே, தண்ணீர்க் கூலர் எங்கே, மூன்றாவது படி எது, ஒன்றையும் விடவில்லை. மூலையில் ஒரு மரம் போட்டு, அதன் அடியில் சின்னக் கட்டம் போட்டு, ஸ்டோர் கீப்பர் புத்தி, பொருள் இருக்கிற இடத்தோடு நேரத்தையும் எழுதினேன்: முடிவெட்டு, வெள்ளி, இரண்டு முதல் ஐந்து வரை.

எழுதியதோடு விட்டேனா? ரூமுக்கு வந்து மேல்கட்டில்காரனிடம் பெருமையாகச் சொன்னேன். பெரிய பெரிய ஆட்கள் பார்க்கப் போகிற படத்தில் உன் கடையும் இருக்கிறது என்றேன். அவன் சாக்ஸ் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தான். கை நின்றது.

"மணி கூட போட்டீங்களாண்ணா?"

 கட்டிலுக்கு அடியிலிருந்து லாரிக் கண்ணாடியை எடுத்தான், போட்டோவை உருவிச் சட்டைப்பையில் வைத்தான், கண்ணாடியைப் பெட்ஷீட்டில் சுற்றிப் பெட்டிக்குள் போட்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை மரத்தடியில் நாற்காலி இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. கடைக்குப் போய் வெட்டிக்கொள்ளலாம்தான். அதற்கு சத்வா வரைக்கும் பஸ் ஏற வேண்டும், அங்கே போனால் ஊர் பேச்சு பேச ஆள் கிடையாது. கேம்ப் முழுக்கத் தலை வளர்ந்தது. ஹெல்மெட்டைக் கழற்றினால் முடி அப்படியே ஹெல்மெட் வடிவத்தில் நின்றது. மளிகைக்கடைக்கார பாய், கீழக்கரைப் பக்கத்துக்காரர், தயிர் எடுத்துக் கொடுத்துக்கொண்டே என்னிடம், "என்ன தம்பி, கேம்ப் ஆளுவொ எல்லாரும் சேந்து ஏதும் வேண்டுதல் வச்சிருக்கியளா?" என்று கேட்டார். சிரிக்க முடியவில்லை. அவர் தலையிலும் முடி காதை மூடியிருந்தது.

என்னிடம் அவன் கோபித்துக் கத்தியிருந்தால் தேவலை. பேசவில்லை. மேலே அவன் புரண்டால் எனக்குத் தெரியும், நான் விழித்திருப்பது அவனுக்குத் தெரியும். என் ரிஜிஸ்டரின் பின்பக்கத்தில் அந்த இரண்டு வாரமும் ஒரு வரி ஏறவில்லை.

கராமாவில் வாத்தியார் தங்கியிருந்த வீட்டுக்கு பஸ் பிடித்துப் போனேன். அந்தக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றேன். மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார். ஆனால் மேசையில் பெரிய தாளில் அதையே அவர் அழகாக வரைந்து வைத்திருந்தார். மரம், நாற்காலி எல்லாம் இருந்தன. இன்னும் இரண்டு வாரத்தில் ஒரு ஹோட்டலில் ஊர்த் திட்டம் போடுகிறவர்கள் கூடுகிறார்களாம், அங்கே திரையில் காட்டப் போகிறாராம். நான் நாற்காலியைப் பற்றி, ஜனவரி லீவைப் பற்றி, குழந்தை போட்டோவைப் பற்றி எல்லாம் சொன்னேன். 

காட்டினால் அங்கே ஒரு பெஞ்சு வரலாம், நிழலுக்குக் கூரை வரலாம் என்ற ஆசையில்தான் வரைந்ததாகச் சொன்னார். காட்டியதாலேயே வேலி வந்து எல்லோரையும் எழுப்பிவிட்ட இடங்களும் உண்டு என்றார். முன்பு யார் அதிகம் பார்த்து எழுதினார்களோ அவர்களே கெட்டிக்காரர்கள். இப்போது அவர்கள் துறையில், பார்த்ததையெல்லாம் காட்டத்தான் வேண்டுமா, காட்டினால் யாருக்கு என்ன வரும் என்றுதான் சண்டையாம். அந்தச் சண்டை தன் மேசைக்கே வரும் என்று அவர் நினைக்கவில்லை.

"அந்த மரத்தடி இல்லாட்டி இந்தப் படம் ஒண்டுக்கும் உதவாது, அண்ணை. எல்லாச் சனமும் கலக்கிற இடம் அது ஒண்டுதான். ஆனால் அவரிட்டக் கேக்காமல் நான் போடேலாது. வாற வெள்ளிக்கிழமை நான் வந்து கேக்கிறன்."

வந்தார். அவன் ரூமை விட்டு வரமாட்டேன் என்று என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டான். நான் போய்ச் சொன்னதும் வாத்தியார், நாற்காலி இருந்த இடத்தில், வேப்பமரத்தடி மணலில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டார். பேனா இல்லை, காகிதம் இல்லை. அரை மணி ஆனது, ஒரு மணி ஆனது. போகிறவன் வருகிறவன் எல்லாம் கேலி. "சார், நீங்கதான் வரிசையில முதல் ஆளா? லேபர் கார்டு வச்சிருக்கீங்களா?" வாத்தியார் சிரித்துக்கொண்டு, இல்லை, விசிட் விசாதான், எடுப்பார்களா என்று கேட்டார். கொஞ்ச நேரத்தில் அவருக்குப் பின்னால் நிஜமாகவே ஏழெட்டுப் பேர் வளைந்து உட்கார்ந்துவிட்டார்கள். எல்லாம் முடி வளர்ந்த ஆட்கள்.

கேம்புக்குப் போன யாரோ அதை அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். ஒரு கையில் நாற்காலியும் ஒரு கையில் பெட்ஷீட் மூட்டையுமாக அவன் வந்தான். என்னைத் தாண்டிப் போனான். நாற்காலியை மணலில் அழுத்தி நட்டான், கண்ணாடியை மாட்டினான், வாத்தியாரைப் பார்த்து, "இந்தத் தலையோட எப்படி சார் மீட்டிங்குக்குப் போவீங்க, ஏறி உக்காருங்க" என்றான்.

பெட்ஷீட்டை அவர் கழுத்தில் முடிந்து, பின்கழுத்தில் சவரக்கத்தியை வைத்துக்கொண்டு கேட்டான். "இப்ப சொல்லுங்க. என்னைய படத்துல போடுவீங்களா?"

வரிசையே சிரித்தது. வாத்தியாரும் அசையாமல் சிரித்தார். "நீங்கள் வேண்டாமெண்டால் போடேல்லை."

"வேணாம் சார். நான் லீவுல போவணும்." அதைச் சிரிக்காமல் சொன்னான்.

"சரி. போடேல்லை."

வாத்தியார் கண்ணாடியைப் பார்த்தார். லாரிக் கண்ணாடி இல்லையா, வளைந்தது, அதற்குள் மனை முழுவதும் அடங்கியிருந்தது. டிரான்ஸ்பார்மர் சுவர், படிகள், லாரிகள், நடுவில் அவருடைய நரைத்த தலை. இவ்வளவு நாள் ரோட்டில் நின்று பார்த்தும் இப்படி முழுசாகத் தெரியவில்லையே என்றார். அவன் கத்தரியை நிறுத்தாமல், "அதெல்லாம் எடுத்துக்குங்க சார், கண்ணாடிய மட்டும் வுட்டுடுங்க" என்றான்.

கூட்டத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை வாத்தியார் பெரிய தாளைக் கொண்டுவந்து மணலில் விரித்தார். காற்றுக்கு மூலைக்கொரு செருப்பு வைத்தோம். ஆட்கள் எல்லாம் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள். பத்து நிமிஷத்தில் ஒவ்வொருவனும் தன் புள்ளியைக் கண்டுபிடித்துவிட்டான். கூலர் பக்கத்துப் புள்ளி நான்தான் என்று இரண்டு பேர் சண்டை போட்டார்கள். டிரான்ஸ்பார்மர் சுவரில் ஒன்று தள்ளி இருந்ததைப் பார்த்து, அது குறட்டைக்காரன்டா, அதான் பக்கத்தில் யாரும் இல்லை என்றார்கள்.

அவன் கடைசியில் வந்து குனிந்தான். மூலையில் மரம் இல்லை. நாற்காலி இல்லை. வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளையைச் சுற்றி அரைவட்டமாக ஏழு புள்ளிகள். விரலை அந்த வெற்றிடத்தில் வைத்தான். கேட்டது கிடைத்துவிட்டது, ஆனால் முகம் தெளியவில்லை. எல்லோரும் இருக்கிற படத்தில் தான் மட்டும் இல்லாததை ஒருவன் பார்க்கிற முகம் அது. நான் அன்று அவன் பக்கத்தில் நிற்கக் கூசினேன்.

"ஒண்ணுமே இல்லாத எடத்த இத்தினி பேரு எதுக்கு சுத்தி நிக்கிறானுவோன்னு கேக்க மாட்டாங்களா சார்?"

"கேப்பினம்," என்றார் வாத்தியார். "கேக்கட்டும்."

அவன் ஏழு புள்ளிகளையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டான். இது பாய், இது பிளம்பர், இது அந்தத் தெலுங்கு ஆள், என்று முணுமுணுத்தான். யார் யார் முடி வெட்டிக்கொள்ள வருகிறார்கள் என்று அவனுக்குத்தான் தெரியும். ஏழாவதைத் தொட்டதும் எங்களைப் பார்த்துச் சிரித்தான். "வேல நெறைய இருக்குது" என்று எழுந்து நாற்காலிக்குப் போனான்.

கூட்டத்தில் கேட்டார்களாம். அந்த மூலையில் அச்சுப் பிழையா என்று ஒருவர் கேட்க, பிழை இல்லை, அங்கே ஒருவர் என்னிடம் வேண்டாம் என்றார், அதையும் வரைந்திருக்கிறேன் என்று வாத்தியார் சொன்னாராம். துபாயை விட்டுப் போகுமுன் போனில் இதைச் சொன்னார். பெஞ்சு வந்ததா என்று கேட்காதீர்கள். நான் அங்கிருந்த வரைக்கும் வரவில்லை. வேலியும் வரவில்லை.

கடை மறுபடி நடந்தது. என்னிடமும் பேசினான், உப்பு இருக்கிறதா, பாத்ரூம் காலியா என்கிற அளவுக்கு. ஆனால் என் தலைக்கு மட்டும் முறை வரவில்லை. போய் நின்றால் "ஆள் இருக்குதுண்ணா" என்பான். பின்னால் யாருமே இருக்க மாட்டார்கள். நானும் வேறு எங்கும் போய் வெட்டிக்கொள்ளவில்லை. முடி காலருக்குக் கீழே இறங்கியது. ஸ்டோருக்கு வந்த மேனேஜர் இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

ஜனவரியின் கடைசி வெள்ளிக்கிழமை அவன் மூன்றாவது படியில் உட்கார்ந்திருந்தான். புதுச் சட்டை, புது பேண்ட், ஷேவ் செய்த முகம். காலடியில் மற்றவர்கள் கொடுத்த பொட்டலங்கள் சேர்ந்திருந்தன. நானும் வரிசையில் போய் நின்று, குழந்தைக்கென்று வாங்கிய ஒரு ஜோடி சின்ன ஷூவை நீட்டினேன். இரண்டரை வயசு, அளவு சரியாக இருக்குமா தெரியவில்லை, கடைக்காரன் இதுதான் என்றான், பெரிதாக இருந்தால் கொஞ்ச நாள் வைத்திருந்து, என்று நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனேன்.

அவன் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு என் தலையைப் பார்த்தான். இடுப்புப் பைக்குள் கையை விட்டுக் கத்தரியும் சீப்பும் எடுத்தான். ஊருக்குப் போகிறவன் அதையும் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறான். தனக்குக் கீழ்ப்படியைக் காட்டினான். நான் அவன் முழங்காலுக்கு நடுவில் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். போர்த்துவதற்குத் துணி இல்லை. சட்டைக் காலரை உள்ளே மடித்துவிட்டு, உள்ளங்கையால் என் தலையை நன்றாக அழுத்திக் குனிய வைத்தான்.

"புதுச் சட்டைப்பா, முடி விழும்" என்று ஆரம்பித்தேன்.

"வாய மூடுங்கண்ணா" என்றான். "பேசினா தல ஆடுது."

மூடிக்கொண்டேன். மணலில் என் முடி விழுந்துகொண்டே இருந்தது.